செவிப்பறையின் நெசவு

நமக்குக் கேள்வியையும் பார்வையையும் அருளிய வல்ல நாயன் அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும் உரியன. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்புமிக்க சகோதரர்களே! வியாபாரப் பெருமக்களே!

நம் முன்னோர்களில் பலர் கைலி மூட்டையைத் தோளில் சுமந்து, இந்நாட்டுத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி விற்றவர்கள். ஆகவே கைலி வாங்க வருகிறவர் முதலில் என்ன செய்வார் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பாவும் ஊடையும் நெருக்கமாக ஓடுகின்றனவா, எங்கேனும் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். துணியின் குணம் அதன் சாயத்தில் இல்லை, நெசவில் இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும்.

இதே பரீட்சையை இன்றைய விஞ்ஞானிகள் மனிதனுடைய காதுக்குள் இருக்கும் ஒரு சவ்வுக்குச் செய்து பார்க்கிறார்கள். அந்தச் சவ்வுதான் செவிப்பறை. அதை வெட்டாமல், கிழிக்காமல், ஒளியைக் கொண்டே அதன் நெசவைப் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது என்ன? அதனால் இந்தக் கேமரன் மலையில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மேல் ஏறும் பொறுப்பு என்ன? இவ்விரண்டையும் சற்றுச் சிந்திப்போமாக.

திருக்குர்ஆனில் கேள்வியும் பார்வையும் சேர்த்துச் சொல்லப்படும் பல இடங்களில் கேள்வியே முன்னால் வருகிறது. உலமாக்கள் இதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். நம்மைப் போன்ற சாமானியர்களுக்கும் விளங்கக்கூடிய ஒன்று உண்டு. பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே அதன் செவி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. உம்மாவின் குரல் அதற்குக் கேட்கிறது. பிறந்தவுடன் அதன் கண் இன்னும் தெளிவாகக் காணாது. ஆனால் செவி தயாராக இருக்கிறது. அதனால்தான் வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் சொல்லி, அந்தச் சிறு உயிரை இந்தத் துன்யாவுக்கு வரவேற்கிறோம். நம் வாழ்வில் முதலாவதாக அல்லாஹ்வின் திருநாமத்தை ஏந்திக்கொண்டது எது? அந்தச் செவிப்பறைதான்.

அதன் அளவைக் கேளுங்கள். குறுக்களவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். கனம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நாம் கணக்கெழுதும் தாளின் கனம். இத்தனை மெல்லிய சவ்வுக்குள்ளே மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் நம் மேனித் தோலின் தொடர்ச்சி. உட்பக்கம் வாயின் உட்புறம் போன்ற ஈரமான மெல்லிய சவ்வு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு. நெசவு இருப்பது அந்த நடு அடுக்கில்தான்.

அதில் மிக மெல்லிய நார்கள் இரு வகையாக ஓடுகின்றன. ஒரு வகை, குடைக் கம்பிகளைப் போல நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடுகிறது. மற்றொரு வகை, அவற்றின் மேல் வட்டம் வட்டமாகச் சுற்றி வருகிறது. சிலந்தி வலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம்! இந்த நார்களைக் கொலாஜன் என்று சொல்கிறார்கள். நம் எலும்புக்கும் தசைநாருக்கும் வலுக் கொடுப்பதும் இதே இனத்துப் பொருள்தான். செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் இப்படி ஒழுங்கான நெசவில்லாமல் தளர்வாக விடப்பட்டிருக்கிறது. மற்றப் பகுதி முழுவதும் இழுத்துக் கட்டப்பட்டு, நடுவில் சற்றே உள்வாங்கி, புனல் போல் அமைந்திருக்கிறது.

பக்கீர்சாக்கள் தாயிரா அடிப்பதைக் கண்டிருக்கிறோம். குளிரில் தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள். தளர்ந்த தோல் பேசாது. நம் காதுக்குள் இருக்கும் பறைக்கு அந்த வேலை இல்லை. மலைக் குளிரிலும் சமவெளி வெக்கையிலும் உடலின் சூடு அதைக் காக்கிறது. நார்களின் நெசவு அதை முறுக்காக வைத்திருக்கிறது. மிக மெல்லிய ஓசை வந்து படும்போது அது அசைகிற அசைவு ஓர் அணுவின் அகலத்திலும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அசைவை அரிசியளவேயான மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உள்காதுக்குக் கொடுக்கின்றன. செவிப்பறையின் பரப்பு, கடைசி எலும்பின் பாதம் பதியும் இடத்தைப் போல் சுமார் 17 மடங்கு. பரந்த இடத்தில் விழுந்த விசை சிறிய இடத்தில் குவிகிறது. உள்ளங்கையால் தள்ளும் பலம் ஊசி முனையில் சேர்வதைப் போல. இப்படிக் குவியாவிட்டால் ஓசையின் பெரும்பகுதி உள்காதின் நீரில் புகாமல் திரும்பிப் போய்விடும். என்னே அவனுடைய ஏற்பாடு!

இவற்றையெல்லாம் மனிதன் எப்படிக் கண்டான்? ஒளியைத் துணைக்கு அழைத்துத்தான். 1841-இல் ஜெர்மனியில் ஹோஃப்மான் என்ற மருத்துவர், நடுவில் துளையிட்ட கண்ணாடி ஒன்றைக் கொண்டு வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பிப் பார்க்கும் வழியைச் சொன்னார். 1855-இல் டிரோல்ட்ஷ் என்பவர் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். இன்று கிளினிக்கில் டாக்டர் கையில் வைத்திருக்கும் சிறிய விளக்குக் கருவி அதன் வழி வந்ததே. ஆரோக்கியமான செவிப்பறை முத்துச் சிப்பியின் உட்புறம் போன்ற சாம்பல் நிறத்தில் பளபளக்கும். அதன் கீழ்ப்பாதியில் முக்கோணமாக ஓர் ஒளித் துண்டு மின்னும். பறை சிவந்தாலோ, வீங்கினாலோ, பின்னால் நீர் தேங்கினாலோ அந்த மினுக்கம் கலைந்துபோகும்.

ஆனால் அந்த விளக்கு மேற்பரப்பைத்தான் காட்டும். உள்ளடுக்குகளைக் காட்டும் முறை 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தது. டாக்டர்கள் அதை ஓ.ஸி.டி. என்பார்கள். கிணற்றில் கல் போட்டுச் சத்தம் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுவோம் அல்லவா? அதுபோல், ஒளியை உள்ளே செலுத்தி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது திரும்பி வருவதை இன்னொரு ஒளிக்கீற்றோடு ஒப்பிட்டு ஆழத்தை அளக்கிறார்கள். முதலில் கண்ணுக்கு என்று வந்த முறை, பிறகு காதுக்கும் வந்தது. 2012-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொப்பார்ட் குழுவினர், நெடுநாள் காது நோய் உள்ளவர்களின் செவிப்பறைக்குப் பின்னால் கிருமிகள் பாசி போல் ஒட்டிப் படர்ந்திருப்பதை, கத்தி வைக்காமல் ஒளியாலேயே கண்டு வெளியிட்டார்கள். மருந்து கொடுத்தும் சில காதுகள் திரும்பத் திரும்ப ஏன் சீழ் பிடிக்கின்றன என்பதற்கு அந்தப் பாசி ஒரு காரணம்.

நார்களையே தனியாகக் காட்டும் வேறொரு முறையும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளியை மிகச் சிறிய துடிப்புகளாகச் செலுத்தினால், கொலாஜன் நார்கள் அதை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. மற்றத் திசுக்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே சாயம் எதுவும் தோய்க்காமலே பாவும் ஊடையும் இருட்டில் தாமாக ஒளிர்கின்றன. இறந்துபோனவர்கள் கொடையாக விட்டுச் சென்ற செவிப்பறைகளில்தான் இது பெரும்பாலும் பார்க்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நம் தமிழ் மண்ணின் பிள்ளை ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1888-இல் திருச்சியில் பிறந்த ஸர் ஸி.வி. ராமன், 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் ஒளியைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை அறிவித்து, 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முன்பே அவர் மிருதங்கத்தின் தோலை ஆராய்ந்து, அதன் நடுவில் அப்பும் கருஞ்சாந்து எவ்வாறு அந்த ஓசையை இசைவாக்குகிறது என்று விளக்கியவர். பறையையும் ஒளியையும் ஒருவரே ஆராய்ந்தார். ஒரு பொருளின் மேல் விழுந்து சிதறும் ஒளி, அப்பொருள் இன்னதென்று சாட்சி சொல்லும் என்பது அவர் காட்டிய உண்மை. அந்த வழியில் இன்று உடலின் திசுக்களையும் பரிசோதிக்கிறார்கள்.

சகோதரர்களே! இனி நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். செவிப்பறை கிழிந்தால் என்ன ஆகும்? சிறிய கிழிசலானால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக மூடிக்கொள்ளும். அது அல்லாஹ்வின் கருணை. ஆனால் மூடிய இடத்தை உற்றுப் பார்த்தால் பல சமயங்களில் வெளித்தோலும் உட்சவ்வும்தான் இருக்கின்றன. நடுவிலிருந்த நார்கள் பழையபடி திரும்புவதில்லை. ஒட்டு இருக்கிறது, நெசவு இல்லை. அந்த இடம் மெலிந்து, தளர்ந்து, அழுத்தம் வந்தால் உள்வாங்கும். கிழிந்த கைலியை நாம் ஒட்டுப் போட்டு விற்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். மனிதன் காதில் விழும் ஒட்டை யார் யாருக்குச் சொல்வது? ஆகவே கிழியாமல் காப்பதே கடமை. பெரிய ஓட்டையானால் ஆபரேஷன் உண்டு. 1950-களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரு மருத்துவர்கள் அந்த வழியை ஒழுங்குபடுத்தினார்கள். இன்று நோயாளியின் உடலிலிருந்தே மெல்லிய சவ்வெடுத்து ஒட்டுகிறார்கள்.

இது டாக்டர்கள் பாடாயிற்றே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் முதல் பங்கு. ஏனெனில் தோட்டத்து மக்கள் டாக்டரிடம் போகுமுன் நம் கடைக்கு வருகிறார்கள். 1929-இல் தொடங்கிய போ தோட்டமானாலும், பாரத் தோட்டமானாலும், புளூ வேலியானாலும், லயத்தில் பிள்ளை இரவெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், விடிந்ததும் தாய் வந்து நிற்கும் இடம் பெட்டியடிதான். "காக்கா, பிள்ளைக்குக் காது வலி. சொட்டு மருந்து ஏதும் இருந்தா குடுங்களேன்" என்பாள். அந்த வேளையில் நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையின் ஆயுள் முழுவதற்கும் உரியது.

என்ன சொல்ல வேண்டும்? "தங்கச்சி, காதுக்குள்ளே எதையும் ஊற்றாதே. முதலில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டு" என்று சொல்ல வேண்டும். அங்கே சுல்தானா ஹாஜா கல்சோம் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. விளக்கு வைத்துக் காதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். பார்க்காமல் ஊற்றுவது ஏன் தவறென்றால், பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றிய எண்ணெய் நேரே உள்ளே போய்விடும். சில சொட்டு மருந்துகள் உள்காதின் நுண்ணிய மயிர் அணுக்களையே அழித்துவிடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் காதில் சீழ் வடிந்தால் அதை ஒருநாளும் அற்பமாக நினைக்கக் கூடாது. அது காதின் பின்னெலும்பிலும், அபூர்வமாக மூளையிலும் பரவக்கூடிய நோய். நோய்க்கு மருந்து தேடுவது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழி. தெரியாத மருந்தை லாபத்துக்காகத் தள்ளிவிடுவது அந்த வழியல்ல.

அன்றியும், நாம் விற்கும் பஞ்சுக் குச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காதைச் சுத்தம் செய்ய அல்லாஹ் ஏற்கெனவே ஓர் ஆளை வைத்திருக்கிறான். செவிப்பறையின் வெளித்தோல் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நகம் வளரும் வேகத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே, குறும்பியைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. குச்சியை விடுகிறவர் அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறார். கை இடறினால் பறையையும் குத்துகிறார். ஒளூச் செய்யும்போது காதை எப்படி மஸ்ஹு செய்கிறோம்? ஈரவிரலை மெதுவாக மடல்களில் ஓட்டி, பெருவிரலைப் பின்புறம் தடவுகிறோம். குடைவதில்லை, குத்துவதில்லை. காதை எவ்வளவு மென்மையாகத் தொட வேண்டும் என்பதற்கு நாள்தோறும் நாம் பெறும் பாடம் அது. பறையில் ஓட்டை உள்ளவர்கள், குளிப்புக் கடமையானால் தண்ணீர் விஷயத்தில் டாக்டர் சொன்னதை ஆலிமிடம் எடுத்துச் சொல்லி, மார்க்கத்தின் வழியைக் கேட்டு நடந்துகொள்வார்களாக.

இந்த மலைக்கே உரிய ஒன்றும் உண்டு. 1931-இல் திறந்த தாப்பாப் பாதையில் சரக்கு ஏற்றி வருகிற நமக்கு, ரிங்லெட் வந்து சேருவதற்குள் காது அடைப்பது பழக்கம். சரக்கோடு வரும் சிப்ஸ், கெரோப்போக் பாக்கெட்டுகள் மேலே வந்ததும் உப்பிப் போயிருப்பதையும் பார்க்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர்; இங்கே காற்றின் அழுத்தம் கீழேயுள்ளதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. பாக்கெட்டு உப்புவது போலவே செவிப்பறையும் வெளிப்பக்கம் உப்புகிறது. இறங்கும்போது உள்ளே இழுபடுகிறது. காதின் நடு அறையிலிருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழாய் உண்டு. எச்சில் விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் அது திறந்து இருபக்கமும் சமமாகும். ஜலதோஷம் பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே சளியுள்ள குழந்தையோடு மலையிறங்கும்போது அதைத் தூங்கவிடாமல் பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஏறுவதைவிட இறங்கும்போதே வலி அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்ததை மனம் நொந்தே எழுதுகிறோம். செவிப்பறை கிழிவதற்கு நோயும் குச்சியும் மட்டும் காரணமல்ல. மனிதன் கையும் காரணம். விரித்த உள்ளங்கையால் காதோடு சேர்த்து அறைந்தால், அடைபட்ட காற்று ஆப்பு போல் உள்ளே பாய்ந்து பறையைக் கிழித்துவிடும். ஓதவரும் பிள்ளையை அறைகிறவர்கள், கடைப் பையனைக் கணக்குப் பிசகியதற்காக அறைகிறவர்கள், வீட்டில் மனைவி மக்கள் மீது கை ஓங்குகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பாங்கு சொல்லி நாம் திறந்துவைத்த செவியை நாமே அடித்துக் கிழிப்பதா? அலிஃப் பே கேட்க வந்த காது, கேளாமலே திரும்பிப் போனால் அந்தப் பாவத்தை எந்த வியாபார லாபத்தைக் கொண்டு ஈடு செய்வது?

சத்தத்தாலும் கேடு உண்டு. கொழுந்தறுக்கும் மோட்டார் எந்திரம், புல்வெட்டி, தேயிலை ஆலையின் உருளைகள் ஆகியவற்றின் அருகே நாளெல்லாம் நிற்கிறவர்களின் செவிப்பறை கிழிவதில்லை. உள்காதின் அணுக்கள் வலியில்லாமல், தெரியாமல் சாகின்றன. ஒருநாள் வேலையின் சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று இந்நாட்டில் 2019-இல் வந்த விதிகள் சொல்கின்றன. காதில் வைக்கும் நுரை அடைப்பான் விலை அதிகமில்லை. சிகரெட்டுக்கு இடம் கொடுக்கும் அலமாரியில் அதற்கும் ஓர் இடம் கொடுப்போமானால், குறைந்த லாபத்திலும் பரக்கத் இருக்கும்.

காது மந்தமானவர் நம் கடைக்கு வரும்போது நம் நடத்தையே பரீட்சைக்கு வருகிறது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேள்வி குறைந்தவர்கள் 43 கோடி பேர். அவர்களில் ஒருவர், நெடுங்காலம் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டியாக, நம் முன்னால் நிற்கலாம். விலையைக் கத்திச் சொல்லி நாலு பேர் சிரிக்க வைக்காதீர்கள். முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்லுங்கள். தாளில் எழுதிக் காட்டுங்கள். சில்லறையை உள்ளங்கையில் எண்ணி வையுங்கள். அவர் காதில் விழாததை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது தராசைச் சாய்ப்பதற்குச் சமம். அளவையில் மோசம் செய்கிறவர்களைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருப்பதை நாம் அறிவோம். ஜும்ஆவிலும் செவி மந்தமான பெரியவருக்கு மிம்பருக்கு அருகே இடம் விடுவது நம் ஜமாஅத்துக்கு அழகு.

கடைசியாக, நமது சொந்தச் செவி. செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றும் விசாரிக்கப்படும் என்பது பனீ இஸ்ராயீல் சூராவின் 36-ஆம் ஆயத்தில் நமக்கு வந்துள்ள எச்சரிக்கை. கண்ணுக்கு இமை உண்டு. செவிப்பறைக்கு மூடி இல்லை. ஆகவே நல்லதும் கெட்டதும் வந்து அதன்மேல் விழும். விழுந்ததை விரும்பிக் கேட்பதும் ஒதுங்கிப் போவதும் நம் கையில். பெட்டியடியில் உட்கார்ந்து எதிர்க்கடைக்காரரைப் பற்றிய புறத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், பேசியவருக்கு மட்டும் பாவம் என்று எண்ண வேண்டாம். ஒளியைக் கொண்டு பறையின் இழைகளை மனிதனே எண்ணக் கற்றுக்கொண்டான். அதை நெய்த நாயனுக்கு, அதன்மேல் விழுந்த ஒவ்வொரு சொல்லும் தெரியாமலா போகும்?

செவி நமக்கு இனாமாக வந்த சொத்தல்ல, அமானத். முதலைக் கொடுத்தவன் கணக்குக் கேட்பான். நம் காதையும், நம் பிள்ளைகளின் காதையும், நம்மை நம்பி மருந்து கேட்டு வருகிறவர்களின் காதையும் பேணிக் காத்து, மஹ்ஷரில் கணக்கைச் சுத்தமாக ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! கேள்வி குறைந்தவர்களுக்கு அவன் ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.